பழைய டாஸ் பில்லிங் புரோகிராமும் புதிய பிரிண்டரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர், டிபேஸ் ஆகியவற்றில் எழுதிய பில்லிங், கணக்கு, ஸ்டாக் புரோகிராம்கள் இன்றும் பல கடைகளில் ஓடுகின்றன. பழைய கம்ப்யூட்டரோ பிரிண்டரோ போய்ப் புதியது வந்ததும் முதலில் நிற்பது பிரிண்ட்தான். அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி தந்திருக்கிறோம். கம்ப்யூட்டரில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பிரிண்டர் கட்டளைகள் எல்லாம் பதின்ம எண்களாக இருக்கின்றன. ஃபாக்ஸ்புரோவிலும் கிளிப்பரிலும் சிஎச்ஆர் என்ற ஃபங்ஷனுக்குள் அப்படியே போடலாம்.

வேர்டில் பிரிண்ட் வருகிறது, பில் புரோகிராமில் மட்டும் வரவில்லை. ஏன்?

வேர்டு பிரிண்டரோடு நேராகப் பேசுவதில்லை. விண்டோஸிடம் கொடுக்கிறது, அதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றித் தருவது டிரைவர். டாஸ் புரோகிராமுக்கு டிரைவர் என்ற ஒன்றே தெரியாது. எழுத்துகளையும், இடையிடையே "இங்கே தடித்த எழுத்து", "இங்கே பொடி எழுத்து" என்று சொல்லும் கட்டளை எண்களையும் எல்பிடி1 என்ற பேரலல் போர்ட்டில் கொட்டிவிடும், அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். எல்பிடி1-இல் விழுவது பிரிண்டர் வரை போய்ச் சேர்கிறதா என்பது வழியைப் பற்றியது. சேர்ந்தது பிரிண்டருக்குப் புரிகிறதா என்பது மொழியைப் பற்றியது. பலர் மொழி புரியாத பிரிண்டரை வைத்துக்கொண்டு கேபிளையும் போர்ட்டையும் மாற்றி மாற்றி நாட்களை வீணாக்குகிறார்கள். முதலில் மொழியைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

என் பிரிண்டருக்கு அந்த மொழி தெரியுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் ஊர் டாஸ் புரோகிராம்கள் பெரும்பாலும் எப்சனின் இஎஸ்சி/பி மொழியில் அனுப்பும், சில எச்பியின் பிசிஎல் மொழியில் அனுப்பும். பிரிண்டரின் விவரத்தாளில் "எமுலேஷன்" அல்லது "லாங்குவேஜ்" என்ற வரியைப் பாருங்கள். இஎஸ்சி/பி அல்லது பிசிஎல் 5 என்றிருந்தால் வேலை எளிது. ஹோஸ்ட் பேஸ்டு, ஜிடிஐ, சிஏபிடி, எஸ்பிஎல், யுஎஃப்ஆர் என்று மட்டும் இருந்தால் அந்தப் பிரிண்டருக்கு எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. பக்கம் முழுவதையும் கம்ப்யூட்டரே படமாக வரைந்து கொடுத்தால்தான் அடிக்கும். இந்தியாவில் ஏராளமாக விற்ற எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி 2900 இரண்டும் இந்த வகை.

இரண்டு இடத்தில் பெயர் ஏமாற்றும். பிசிஎல் 6 மட்டும் உள்ள பிரிண்டர் வெறும் எழுத்தை ஏற்காது, கூடவே பிசிஎல் 5-உம் இருக்க வேண்டும். எப்சன் இங்க்ஜெட்டுகளில் காணும் "இஎஸ்சி/பி-ஆர்" பெயரில்தான் ஒற்றுமை. அது பட மொழி, டாட் மேட்ரிக்ஸின் இஎஸ்சி/பி அல்ல.

இருப்பது 1020 தான். வேறு வாங்க முடியாது. என்ன செய்வது?

வழி உண்டு, மூன்று விதமாக. பில்லில் வெறும் எழுத்து மட்டும் இருந்தால், பிரிண்டர் பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் "பிரிண்ட் பிராசஸர்" பொத்தானை அழுத்தி, வின்பிரிண்ட் என்பதையும் அதில் டேட்டா டைப்பாக டெக்ஸ்ட் என்பதையும் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு வரும் வெறும் எழுத்தை விண்டோஸே டிரைவர் வழியாக வரைந்து கொடுக்கும். கட்டளை எண்கள் மட்டும் கிறுக்கலாக விழும். சில டிரைவர்கள் இந்த மாற்றத்தை அனுமதிப்பதில்லை.

கட்டளை எண்களும் வேலை செய்ய வேண்டுமென்றால் டாஸ்பிஆர்என், பிரிண்ட்ஃபில் போன்ற இடைமென்பொருள் தேவை. எல்பிடி1-இல் விழுவதைப் பிடித்து, எப்சன் கட்டளைகளைப் புரிந்துகொண்டு, எந்த விண்டோஸ் பிரிண்டரிலும் அடிக்கும். இவை காசு கொடுத்து வாங்குபவை. சோதனைப் பதிப்பில் உங்கள் பில்லை அடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூன்றாவது வழி, டாஸைப் போலியாக நடத்தும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற மென்பொருள், கீழே வருகிறது.

புதிதாக வாங்குவதென்றால்?

கார்பன் பிரதி வேண்டியவர்களுக்கு வேறு பேச்சே இல்லை, டாட் மேட்ரிக்ஸ்தான். ஊசி குத்தினால்தான் அடித்தாளில் எழுத்து விழும், லேசரும் இங்க்ஜெட்டும் அதைச் செய்யா. எப்சன் எல்எக்ஸ்-310 9 ஊசி, 80 காலம் (ஒரு வரியில் 80 எழுத்து). அதில் யுஎஸ்பி, பேரலல், சீரியல் மூன்று போர்ட்டும் இருப்பதால் பழைய கம்ப்யூட்டருக்கும் புதியதற்கும் பொருந்தும். எழுத்து இன்னும் திருத்தமாக வேண்டுமானால் 24 ஊசியுள்ள எல்க்யூ-310. கார்பன் தேவையில்லை, ஏ4 போதும் என்றால் பிசிஎல் 5 உள்ள லேசர் வாங்குங்கள். ஆனால் புரோகிராமில் பிரிண்டர் தேர்வு இருக்கிறதா, அல்லது எப்சன் கட்டளைகள் நிலையாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

யுஎஸ்பியில் மாட்டிய பிரிண்டரை எல்பிடி1-க்கு எப்படிக் கொண்டுவருவது?

யுஎஸ்பி–பேரலல் கேபிள் வாங்கினால் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கேபிள் விண்டோஸில் யுஎஸ்பி001 போன்ற பிரிண்டர் போர்ட்டாகத்தான் வரும், எல்பிடி1 ஆகாது. செய்ய வேண்டியது ஷேரிங்.

முதலில் "பிரிண்டரைக் கையால் சேர்" என்ற வழியில் போய், பிரிண்டர் மாட்டியிருக்கும் யுஎஸ்பி001 போர்ட்டைத் தேர்ந்து, தயாரிப்பாளர் பட்டியலில் ஜெனரிக், அதில் "ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி" என்பதைப் போடுங்கள். நிறுவனத்தின் டிரைவர் தனியாக இருக்கட்டும், ஒரே போர்ட்டில் இரண்டும் இருக்கலாம். பிறகு இந்த ஜெனரிக் பிரிண்டரை ஷேர் செய்யுங்கள். ஷேர் பெயர் இடைவெளி இல்லாமல் 8 எழுத்துக்குள் இருக்கட்டும். "பில்" என்று வைத்ததாகக் கொள்வோம்.

இனி கமாண்ட் பிராம்ப்ட்டில்:

நெட் யூஸ் எல்பிடி1 \\லோக்கல்ஹோஸ்ட்\பில் /பெர்சிஸ்டென்ட்:எஸ்

அடுத்து "டிஐஆர் > எல்பிடி1" என்று தட்டுங்கள். ஃபைல் பட்டியல் பேப்பரில் வந்தால் வழி சரி. பட்டியல் வந்து பில் வராவிட்டால் கோளாறு புரோகிராம் பக்கம்.

நெட் யூஸ் பிழை எண் காட்டுகிறது.

85 வந்தால் எல்பிடி1 ஏற்கெனவே வேறு எதற்கோ கொடுக்கப்பட்டிருக்கிறது. "நெட் யூஸ் எல்பிடி1 /டெலீட்" போட்டுவிட்டு மறுபடி கொடுங்கள். 67 என்றால் ஷேர் பெயர் தவறு, பெரும்பாலும் பிரிண்டர் பெயரை ஷேர் பெயர் என்று நினைத்துத் தட்டியதால் வருவது. 53 என்றால் கம்ப்யூட்டரையே எட்ட முடியவில்லை: "ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்" அணைந்திருக்கும், அல்லது சர்வர், ஒர்க்ஸ்டேஷன் சர்வீஸ்கள் நின்றிருக்கும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றியதும் மட்டும் 53 வந்தால், டிவைஸ் மேனேஜர் வழியாக மைக்ரோசாஃப்ட் லூப்பேக் அடாப்டரைச் சேர்த்தால் நெட்வொர்க் இல்லாத கம்ப்யூட்டரிலும் ஷேரிங் வேலை செய்யும்.

கம்ப்யூட்டரில் உண்மையான பேரலல் போர்ட் இருந்து அது இடைஞ்சல் செய்தால், பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) அணைத்துவிடுங்கள்.

கட்டளை சரியாகப் போனது. ஆனாலும் புரோகிராமிலிருந்து வரவில்லை.

கமாண்ட் பிராம்ப்ட்டை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறந்தீர்களா? அங்கே கொடுத்த இணைப்பு அந்த உயர் அனுமதியில் ஓடும் புரோகிராம்களுக்கு மட்டுமே தெரியும். சாதாரணமாகத் திறக்கும் பில் புரோகிராமுக்கு அது கண்ணில் படாது. சாதாரண கமாண்ட் பிராம்ப்ட்டிலேயே கொடுங்கள். அதேபோல் ஒரு யூசர் கொடுத்தது இன்னொரு யூசருக்கு வராது. இரண்டு பேர் லாகின் செய்யும் கம்ப்யூட்டரில் இருவரின் பெயரிலும் ஒருமுறை செய்ய வேண்டும். புரோகிராமைத் திறக்கும் பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைலில்) முதல் வரியாக டெலீட், இரண்டாம் வரியாக நெட் யூஸ் என்று போட்டுவைப்பது நல்ல ஏற்பாடு. தினமும் காலையில் புதிதாக இணையும்.

"பிரிண்டர் தயாராக இல்லை" என்று புரோகிராமே சொல்கிறது.

கிளிப்பரில் ஈஸ்பிரிண்டர், ஃபாக்ஸ்புரோவில் சிஸ்(13) என்ற ஃபங்ஷன்கள் அச்சிடும் முன் போர்ட்டின் நிலையைப் பார்க்கும். பேரலல் கேபிளின் மின்னழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் காலத்தில் எழுதியவை அவை. ஷேர் வழியாகப் போகும்போது தவறான பதில் வரக்கூடும். மூல நிரல் கையில் இருந்தால் அந்தச் சோதனையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால், போர்ட்டையே போலியாகக் காட்டும் டாஸ்பாக்ஸ்-எக்ஸ் பெரும்பாலும் "தயார்" என்று பதில் தந்து காப்பாற்றும்.

புதிய கம்ப்யூட்டரில் புரோகிராமே திறக்கவில்லை. பிரிண்ட் பற்றிப் பிறகு பார்க்கலாம் அல்லவா?

இரண்டும் ஒரே முடிவில் தீரும், சேர்த்தே பாருங்கள். 64 பிட் விண்டோஸில் 16 பிட் டாஸ் புரோகிராம் ஓடாது. 32 பிட் விண்டோஸ் 10-இல் என்டிவிடிஎம் என்ற பகுதியைச் சேர்த்தால் ஓடும். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. புதிய கம்ப்யூட்டரில் டாஸை உள்ளே போலியாக நடத்தும் எமுலேட்டர்தான் வழி.

விளையாட்டுக்காகப் பலரும் அறிந்த மூல டாஸ்பாக்ஸில் பிரிண்டர் வசதி இல்லை. அதை நிறுவிவிட்டு பிரிண்ட்டைத் தேடுபவர்கள் அதிகம். டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு. அதன் கான்ஃபிக் ஃபைலில் பேரலல் பகுதியில் "பேரலல்1=பிரிண்டர்" என்றும், பிரிண்டர் பகுதியில் "பிரிண்டர்=ட்ரூ", "பிரிண்ட்அவுட்புட்=பிரிண்டர்" என்றும் போடுங்கள். உள்ளே ஒரு எப்சன் பிரிண்டர் இருப்பதாகப் புரோகிராம் நம்பும். அது வரைந்த பக்கத்தை விண்டோஸ் பிரிண்டர் அடிக்கும். 1020-இல் எப்சன் பில் வருவது இப்படித்தான். வித், ஹைட் என்ற அளவுகள் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்காகக் கணக்கு, எனவே ஏ4-க்கு 83, 117. "டைம்அவுட்" மில்லிசெகண்டில். புரோகிராம் பக்கத்தை வெளியே தள்ளாமல் நிறுத்திக்கொண்டால் அந்த நேரம் முடிந்ததும் பக்கம் தானாக வெளியேறும்.

டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்தால் பிரிண்ட் ஆமை வேகத்தில் வரும். எழுத்தை எல்லாம் படமாக்கி அனுப்புவதுதான் காரணம். அவர்கள் "பேரலல்1=ஃபைல் டெவ்:எல்பிடி1" என்று போட்டு, விண்டோஸ் பக்கம் மேலே சொன்ன நெட் யூஸை வைத்துக்கொண்டால் எண்கள் மாறாமல் அப்படியே பிரிண்டருக்குப் போகும், பழைய வேகம் கிடைக்கும்.

விடாஸ் என்பது அலுவலக டாஸ் புரோகிராம்களுக்காகவே எழுதப்பட்ட எமுலேட்டர். இரண்டு மூன்று கவுன்ட்டரில் ஒரே டேட்டாவைத் திறக்கும் கடைகள் எந்த எமுலேட்டரை எடுத்தாலும், டேட்டாவின் நகலை வைத்துக்கொண்டு, இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் ஒரே பில்லைத் திருத்திப் பாருங்கள். ஒருவர் திருத்தும்போது மற்றவர் தொடாமல் தடுக்கும் ரெக்கார்டு லாக் சரியாக விழாவிட்டால் ஸ்டாக் கணக்கு கெட்டுப்போகும். பிரிண்ட் வராததைவிடப் பெரிய இழப்பு அது.

பில் போட்டுப் பதினைந்து நொடி கழித்துத்தான் வருகிறது. சில சமயம் புரோகிராமை மூடினால்தான் வருகிறது.

"அச்சிட்டு முடித்தேன்" என்று புரோகிராம் சொல்லும்வரை விண்டோஸ் காத்திருக்கிறது. ஃபாக்ஸ்புரோவிலும் கிளிப்பரிலும் பில் அடித்த பின் "செட் பிரிண்டர் டு" என்று எதுவும் சேர்க்காமல் ஒரு வரி போட்டால் போர்ட் மூடி, பில் உடனே வரும். நிரலைத் தொட முடியாதவர்கள் 32 பிட் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, எச்கேஎல்எம் கீழ் சிஸ்டம், கரண்ட்கன்ட்ரோல்செட், கன்ட்ரோல், டபிள்யூஓடபிள்யூ என்று போய், எல்பிடி_டைம்அவுட் மதிப்பைப் பாருங்கள். 15 நொடி என்று இருக்கும். 3 ஆக்குங்கள். 1 ஆக்கினால், கணக்குப் போட இடையில் நிற்கும் நீண்ட ரிப்போர்ட் துண்டு துண்டாகப் பிரிந்து வரும்.

லேசரில் விளக்கு மின்னுகிறது, தாள் வரவில்லை.

டாட் மேட்ரிக்ஸ் வரி வந்ததும் அடித்துவிடும். லேசருக்குப் பக்கம் நிறைய வேண்டும், அல்லது பக்கத்தை வெளியே தள்ளச் சொல்லும் 12 என்ற ஃபார்ம்ஃபீட் எண் வர வேண்டும். பில் புரோகிராம்கள் தாளை மிச்சம் பிடிக்க அந்த 12-ஐ அனுப்பாமலே எழுதப்பட்டவை. பிரிண்ட் பிராசஸர் பக்கத்தில் வின்பிரிண்ட்டுக்குக் கீழ் "ரா எஃப்எஃப் அப்பெண்டட்" என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு வேலை முடிவிலும் விண்டோஸே 12-ஐச் சேர்க்கும். டாட் மேட்ரிக்ஸில் இதைப் போடாதீர்கள், பில்லுக்கு ஒரு வெற்றுத்தாள் ஓடும்.

பொடி எழுத்து வரவில்லை, நடுவே தேவையற்ற எழுத்துகள், பாதிப் பில்லில் தாள் வெளியே வந்துவிடுகிறது.

மொழி மாறிப்போனதன் அடையாளங்கள் இவை. எப்சனில் 27, 64 எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். 15 பொடி எழுத்து, 18 அதை நிறுத்தும். 27, 69 தடித்த எழுத்து, 27, 70 அதை நிறுத்தும். அதே 27, 69 பிசிஎல்லில் "ரீசெட்", இருக்கும் பக்கத்தை வெளியே தள்ளிவிட்டுத் தொடங்கு என்று பொருள். அதனால்தான் கடைப் பெயரைத் தடிமனாக்கும் இடத்தில் லேசர் தாளைத் தள்ளுகிறது.

நிரலை மாற்ற முடிந்தால் பிசிஎல்லுக்கு: பொடி எழுத்து 27, 38, 107, 50, 83. ஏ4 தாள் 27, 38, 108, 50, 54, 65. படுக்கைவாட்டு 27, 38, 108, 49, 79. ஓர் அங்குலத்துக்கு 8 வரி 27, 38, 108, 56, 68. ஏ4-இன் குறுக்கில் பொடி எழுத்தில் ஏறத்தாழ 130 காலம்தான் கொள்ளும். 132 காலம் ரிப்போர்ட்டின் கடைசி இலக்கம் வெட்டுப்பட்டால் படுக்கைவாட்டுதான் சரி. தொகையின் கடைசி இலக்கம் காணாமல் போனதைச் சட்டென்று யாரும் கவனிக்கமாட்டார்கள், சோதித்துப் பாருங்கள்.

கட்டம் போட்ட கோடுகள் எழுத்துகளாக வருகின்றன.

டாஸின் 437 எழுத்துப் பட்டியலில் 179 செங்குத்துக் கோடு, 196 கிடைக்கோடு. டாட் மேட்ரிக்ஸில் கோட்டுக்குப் பதில் சாய்வெழுத்து விழுந்தால், பிரிண்டரின் அமைப்பில் எழுத்துப் பட்டியல் "இட்டாலிக்" என்று இருக்கிறது. "பிசி437" என்று மாற்றுங்கள், தீர்ந்தது. மேலே புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வந்தால் விண்டோஸ் தன் பட்டியலில் படித்து வரைகிறது. டெக்ஸ்ட் டேட்டா டைப்பில் இது தவிர்க்க முடியாதது. நிரலில் கோடுகளைக் கழித்தல் குறியாகவும் கூட்டல் குறியாகவும் மாற்றிவிடலாம். ரூபாய்க்கான புதிய குறி 2010-இல் வந்தது, 437 பட்டியலில் அதற்கு இடமில்லை. பழையபடி "ரூ" என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தையே விட்டுவையுங்கள்.

ஒவ்வொரு பில்லும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுகிறது.

நம் கடைகளில் கிடைக்கும் கம்ப்யூட்டர் தாள் 10க்கு 12 அங்குலம். பிரிண்டர் 11 அங்குலம் என்று வைத்திருந்தால் தாளுக்கு ஓர் அங்குலம் நகரும். அங்குலத்துக்கு 6 வரி என்ற கணக்கில் 12 அங்குலத்துக்கு 72 வரி: 27, 67, 72. பாதித்தாள் பில்லுக்கு 6 அங்குலம், 36 வரி: 27, 67, 36. புரோகிராம் தொடக்கத்தில் 27, 64 அனுப்பினால் இந்த அளவும் அழிந்துவிடும், ஆகவே அதற்குப் பிறகு அனுப்புங்கள். தாளின் மேல்விளிம்பைச் சரியாக வைத்த பிறகே பிரிண்டரை ஆன் செய்யுங்கள்.

72 வரி பில்லை அப்படியே ஏ4-க்குக் கொண்டுபோனால் கடைசிச் சில வரிகள் இரண்டாம் தாளில் போய் விழும். ஏ4-இன் உயரம் 11.69 அங்குலம், 70 வரிகூட முழுதாகக் கொள்ளாது. மேலே சொன்ன 8 வரிக் கட்டளை இதற்குத்தான்.

வரிகள் படிக்கட்டுபோல வருகின்றன. அல்லது வரிக்கு வரி இடைவெளி விழுகிறது.

முதலாவதில் வரி முடிவில் 10 (அடுத்த வரிக்கு இறங்கு) மட்டும் வருகிறது, 13 (வரியின் தொடக்கத்துக்குத் திரும்பு) இல்லை. பிசிஎல்லில் 27, 38, 107, 50, 71 அனுப்பினால் சரியாகும்.  இரண்டாவதில், 13 வந்தாலே 10-ஐயும் பிரிண்டரே சேர்க்கும் "ஆட்டோ லைன்ஃபீட்" தேவையில்லாமல் ஆன் ஆகியிருக்கிறது, அணையுங்கள்.

ரசீது அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் பழைய பில் வருமா?

நெட் யூஸ் வழி அப்படியே பொருந்தும். அகலம் பொருந்தாது. 80 மிமீ சுருளில் சாதாரண எழுத்தில் 48 காலம், 58 மிமீ சுருளில் 32. 80 காலம் பில்லை மறுபடி அமைக்காமல் முடியாது. மொழியும் இஎஸ்சி/பாஸ், எப்சனின் இன்னொரு மொழி. தடித்த எழுத்துக்கு 27, 69-க்குப் பின் 1 அல்லது 0 சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அடுத்த எழுத்தை அந்த எண்ணாக எடுத்து விழுங்கிவிடும். பெயரின் முதல் எழுத்து காணாமல் போவது இதனால்தான். 15 என்ற பொடி எழுத்து இங்கே வேலை செய்யாது, சிறிய எழுத்துக்கு 27, 77, 1. தாளை வெட்ட 29, 86, 66, 0. கல்லாப்பெட்டி திறக்க 27, 112, 0, 25, 250.

பில்லைத் தமிழில் அடிக்கும் பழைய புரோகிராம்?

எதைக் கொண்டு தமிழ் வந்தது என்பதைப் பொறுத்தது. டாஸில் தமிழ் எழுத்தைப் புள்ளிப் படமாக மாற்றி எப்சன் கட்டளையாக அனுப்பியிருந்தால், எப்சன் வகை டாட் மேட்ரிக்ஸிலும் டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் வரும், லேசரில் வராது. அப்படிப்பட்ட பில்லை ஃபைலாக எடுத்து அனுப்பும்போது "காப்பி /பி" என்று பி சேர்த்தே அனுப்புங்கள். படத் தரவில் 26 என்ற எண் வந்தால், பி இல்லாத காப்பி அங்கேயே ஃபைல் முடிந்தது என்று நிறுத்திவிடும். கம்ப்யூட்டரில் பொருத்தி இந்திய மொழி எழுத்துகளைப் பெற்ற சீடாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டை நம்பிய புரோகிராமுக்கு அந்தக் கார்டு இல்லாமல் தமிழ் கிடைக்காது. டேட்டாவை யுனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி.

பழைய விண்டோஸ் புரோகிராம் யுனிகோடுக்கு முந்தைய தாம், தாப் எழுத்துருவில் அடித்திருந்தால் போர்ட் சிக்கல் எதுவும் இல்லை. தமிழுக்குப் பதில் ஐரோப்பிய எழுத்து வந்தால் அந்த எழுத்துருவைப் புதிய கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். நிறுவியும் அப்படியே வந்தால், டிரைவர் அமைப்பில் ட்ரூடைப்பைப் படமாக அச்சிடும் தேர்வைப் போடுங்கள், பிரிண்டர் தன் எழுத்துருவை மாற்றி வைப்பது நிற்கும்.

தாளே வேண்டாம், பில்லைப் பிடிஎஃப்பாக அனுப்ப வேண்டும்.

எப்சன் பில் என்றால் டாஸ்பாக்ஸ்-எக்ஸில் விண்டோஸ் பிரிண்டராக "மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்" தேர்ந்தால் போதும். பிசிஎல் அனுப்பும் புரோகிராம் என்றால் அதன் வெளியீட்டை ஃபைலில் பிடித்து, கோஸ்ட்பிசிஎல் என்ற நிரலில் பிடிஎஃப்ரைட் என்ற டிவைஸைக் கொடுத்து மாற்றலாம். எழுத்தாகவே மாறுவதால் பிடிஎஃப்பில் பில் எண்ணைத் தேடவும் முடியும்.

மூல நிரல் எங்களிடம் இருக்கிறது. அதனால் பயன் உண்டா?

மிகப் பெரிய பயன். பிஆர்ஜி ஃபைல்கள் கிளிப்பரில் எழுதியவை என்றால் ஹார்பர் என்ற இலவச கம்பைலரில் போட்டு இன்றைய விண்டோஸ் புரோகிராமாக்கலாம். டிபிஎஃப் டேட்டாவை அது நேராகவே திறக்கும். சிறு திருத்தங்களோடு பெரும்பாலான நிரல் ஏறிவிடும். எமுலேட்டர் தேவையில்லை, பழைய எல்பிடி1 வழியும் இருக்கும், விண்டோஸ் பிரிண்டரில் நேராக அடிக்கவும் செய்யலாம். அதற்கு முன் அந்த பிஆர்ஜி ஃபைல்களை டேட்டாவோடு சேர்த்து இரண்டு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.